முன் தாங்கியில் இருந்த பெற்றோல்

மகன்,

இரண்டு கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நீ மிலானோவிலிருந்து எடுத்துக் கதைத்தபோது, கலியாணத்துக்குச் சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாய். கடைசியில், "அம்மா, சிவா மாமாவையும் தேடிப் பிடிச்சுச் சொல்ல வேணும். அவர் இப்ப எங்கை இருக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. உனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அவரைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். பதினைந்து வருடமாக நீ அதை நம்பிக்கொண்டிருக்கிறாய். போனில் அதைத் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், ஆறுதலாக வாசி.

எங்களுடைய பழைய சிவப்புப் பிக்கப் எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் பலேர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அமெரிக்காவில் நெடுங்காலம் வேலை செய்து, திரும்பி வரும்போது அந்த வாகனத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர். கடைசி இரண்டு வருடம் அவரால் ஓட்ட முடியவில்லை. பின்னேரங்களில் நான் அவரைக் கைப்பிடித்துக் கீழே கூட்டிப்போய், முற்றத்தில் நின்ற அந்த வாகனத்துக்குள் இருத்துவேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரை மணித்தியாலம் இருப்பார். அவர் காலமான பிறகு அவருடைய மகள் சாவியை என் கையில் தந்து, "அப்பா கடைசியாக இதற்குள் இருந்தது உங்களோடுதான், சிஞ்ஞோரா. நீங்களே வைத்திருங்கள்" என்றாள். நான் லைசென்ஸ் எடுத்து அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பலேர்மோவின் சந்துகளில் அந்த நீளமான வாகனத்தைத் திருப்புவதற்குள் என் சீலை வியர்வையில் நனைந்துவிடும். பின்னால் நின்று கோர்ன் அடிக்கிறவர்களைத் திட்ட முதலில் கற்றுக்கொண்டேன், பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

அதற்கு இரண்டு பெற்றோல் தாங்கிகள் இருந்தன. ஒன்று சாரதியின் ஆசனத்துக்குக் கீழ்ப்பக்கமாக, மற்றது பின் சில்லுகளுக்குப் பின்னால். எந்தத் தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் போக வேண்டும் என்று மாற்றுவதற்கு முன்னால் ஒரு சிறு சுவிச் இருந்தது. எந்தத் தாங்கியில் விடுகிறோமோ அதன் அளவைத்தான் முள் காட்டும். வாகனம் எங்களிடம் வரும்போதே முன் தாங்கி பழுது. அந்தப் பக்கம் மாற்றினால் முள் அடியில் படுத்துவிடும், எஞ்சினும் இருமி நின்றுவிடும். பின் தாங்கி ஒன்றே எங்களுக்குப் போதுமாக இருந்தது. நீ விளையாட்டாக சுவிச்சைத் தட்டிவிடுவாய் என்று அதன் மேல் கறுப்பு ரேப் ஒட்டிவிட்டேன்.

சிவா மாமாவை முதலில் கண்டது உன் அப்பாதான். போர் முடிவதற்கு மூன்று வருடம் முந்தி வன்னியிலிருந்து வந்து சேர்ந்தவர். பொலிதேயாமாச் சதுக்கத்தில் அப்பா சமைத்த உணவகத்தில் கோப்பை கழுவ வந்தார். ஒரேத்தோ வீதியில் ஒரு சின்ன வீட்டில் நாலு பேரோடு இருந்தார். ஒருநாள் அப்பா அவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தபோது, கீழே நின்ற பிக்கப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை வைச்சு ஒரு வேலை செய்யலாமே?" என்று கேட்டார். அப்படித்தான் தொடங்கினோம். இந்த ஊரில் வயதானவர்கள் இறந்தால், பிள்ளைகள் வீட்டை விற்பதற்குமுன் உள்ளே இருக்கும் தட்டுமுட்டெல்லாம் காலி செய்ய ஆள் தேடுவார்கள். லிபெர்த்தாவில் இருக்கும் சிஞ்ஞோராமார் எல்லோருக்கும் என்னைத் தெரியும், எனக்கு இத்தாலியன் கதைக்கத் தெரியும். சிவா மாமாவுக்கு நாலாம் மாடியிலிருந்து ஓர் அலுமாரியைத் தனியாகத் தோளில் இறக்கத் தெரியும்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு வேலையின் களைப்பு நினைவுக்கு வருவதில்லை. நீ பள்ளிக்கூடம் முடிந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் கால் தொங்கப்போட்டு இருப்பாய். கண்ணாடியைத் திறந்துவிட்டு மொந்தெல்லோக் கடற்கரைப் பக்கம் போவோம். காலி செய்யும் வீடுகளில் கிடக்கும் பழைய படக்கதைப் புத்தகங்களை மாமா உனக்கென்று எடுத்து வைப்பார். அவருக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. நீ சத்தமாக வாசிப்பாய், ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர் உன்னிடம் கருத்துக் கேட்பார். நீ பெரிய மனிதன்போல விளங்கப்படுத்துவாய். குவெஸ்துராப் பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்கப் போய் அவரே சொந்தமாகக் கதைத்துவிட்டு வந்த அன்று, "என்ர வாத்தியார் இவர்தான்" என்று உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும்.

நாலாம் வருடம் கோடையில் பெற்றோல் குறையத் தொடங்கியது. தாங்கியை நிரப்பிவிட்டு மொந்தெல்லோ போய்த் திரும்பி வந்தால் முள் வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இறங்கியிருக்கும். முதலில் எஞ்சின் கிழடாகிவிட்டது, கூடக் குடிக்கிறது என்று நினைத்தேன். பிறகு கவனித்தேன்: வியாழக்கிழமைகளில்தான் கூடக் குறைந்தது. வியாழக்கிழமை பின்னேரம் நான் வேறொரு வீட்டில் வேலைக்குப் போவேன், மாமா தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே சாமான் இறக்கப் போவார். தூரம் போனால் கூடத்தான் குறையும் என்பது ஒரு பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. விளங்க நான் விரும்பவில்லை என்பதுதான் சரி.

இதை உனக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். கோயிலில் ஒரு மனுசி என்னிடம், "உந்தப் பொடியன் வன்னியிலை எந்த இடம், ஆற்றை பிள்ளை எண்டு ஏதும் தெரியுமோ? தெரியாத ஆளிட்டை வாகனத் திறப்பைக் குடுத்து வைச்சிருக்கிறீர்" என்று கேட்டிருந்தா. நான் அப்போது அவவுக்கு முகம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. மாமா என் சொந்த ஊர்க்காரராக இருந்திருந்தால், நான் முதலில் வாகனத்துக்குக் கீழே குனிந்து பார்த்திருப்பேன். அவர் வன்னியிலிருந்து வந்தவர் என்பதால் அவருடைய முகத்தைப் பார்த்தேன். இதைவிட வெட்கமான ஒன்றை நான் உனக்கு எழுதப்போவதில்லை.

செப்டெம்பரில் ஒரு நாள், பிக்கப்பின் பின்தட்டில் இரண்டு பிளாஸ்டிக் கானும் சுருட்டி வைத்த ஒரு இறப்பர்க் குழாயும் கிடந்தன. அன்று மாமா எங்கள் வீட்டில் மேசையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நீ உள்ளறையில் பாடம் செய்துகொண்டிருந்தாய். நான் நின்றபடியே கேட்டேன்.

"தம்பி, பின்னுக்குக் கிடக்கிற குழாய் எதுக்கு?"

"தண்ணிக்கு அக்கா. எங்கட வீட்டுக்குக் கிழமையிலை ரெண்டு நாள்தானே தண்ணி வருது. கீழ்வீட்டுத் தாங்கியிலை இருந்து இழுத்து நிரப்பி வைக்க."

"பெற்றோலும் அப்பிடி இழுக்கலாம் என்ன?"

அவர் குவளையை மெதுவாக மேசையில் வைத்தார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "வியாழக்கிழமையிலை மட்டும் ஏன் குறையுது எண்டு நீரே சொல்லும்" என்றேன்.

"அக்கா, நீங்கள் கேக்கிறது எனக்கு விளங்குது" என்றார். எழுந்து சட்டைப் பையிலிருந்து பிக்கப்பின் சாவியை எடுத்துக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தார். "என்னை எத்தினையோ இடத்திலை மறிச்சுச் சோதிச்சவை. ஆமி, முகாம், இஞ்சை பொலிஸ். சோதிக்காமல் கதவைத் திறந்து விட்டது உங்கட வீடு ஒண்டுதான் அக்கா." அவ்வளவுதான் சொன்னார். நீ இருந்த அறைப்பக்கம் ஒருதரம் பார்த்தார். உன்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் நீ, "மாமா ஏன் வரேல்லை?" என்று கேட்டாய். அவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துவிட்டது, அவசரமாகப் போக வேண்டி வந்தது, உன்னிடம் சொல்லச் சொன்னார் என்றேன். நீ அழவில்லை. "ஒரு புத்தகம் பாதியிலை நிக்குது" என்று மட்டும் சொன்னாய்.

அதற்குப் பிறகு அந்த வாகனத்தில் என் கையைத் தவிர வேறு கை படவில்லை. பெற்றோல் முன்னைப்போலவே குறைந்தது. இரண்டாம் கிழமை ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே போயிருந்தேன். அந்தக் கட்டடத்தின் வாசற்காவலர் கீழே நின்று கத்தத் தொடங்கினார். ஓடிவந்து பார்த்தால் பிக்கப்பின் நடுப்பக்கத்திலிருந்து தரையில் பெற்றோல் சொட்டி ஓடுகிறது, தெரு முழுதும் மணம். பழுது என்று சுவிச்சில் ரேப் ஒட்டி நாங்கள் மறந்திருந்த முன் தாங்கியின் மூடிப்பக்கத்தால்தான் வழிந்துகொண்டிருந்தது.

ஒரேத்தோவில் நீனோ என்று ஒரு வயதான மெக்கானிக் இருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் வாகனத்தின் கீழே படுத்து, தட்டிப் பார்த்து, வெளியே வந்து சிரித்தார். "சிஞ்ஞோரா, பெற்றோல் தொலைகிறது என்று சொன்னீர்களே, முன் தாங்கி கழுத்துவரை நிறைந்திருக்கிறது!" எனக்கு நம்ப முடியவில்லை. அவர் அதை இறக்கத் தொடங்கினார். முதல் கான் நிறைந்தது. இரண்டாவது நிறைந்தது. மூன்றாவதும் நிறைந்து நாலாவதில் பாதி வந்தது. கராஜ் வாசலில் அந்தக் கான்கள் வரிசையாக நின்றன. மாமா எடுத்தார் என்று நான் சொன்ன பெற்றோல் அவ்வளவும் நான் இருந்து ஓட்டிய ஆசனத்துக்குக் கீழேயே இருந்திருக்கிறது. நீனோ ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். பெற்றோல் மணத்தில் தலை சுற்றிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

பழுது என்ன என்பதை அவர் ஒரு கடதாசியில் கீறிக் காட்டினார். பின் தாங்கியின் பம்ப் எஞ்சினுக்குப் பெற்றோலைத் தள்ளும். எஞ்சினுக்குத் தேவையானது போக மிச்சம் இன்னொரு குழாயால், அது புறப்பட்ட தாங்கிக்கே திரும்பி வரும். ஒரு தாங்கி வேலை செய்யும்போது மற்றத் தாங்கிக்குள் ஒன்றும் போகாமல் மூடிக்கொள்ள, பம்போடு சேர்த்து ஒரு சின்ன வால்வு உள்ளே இருக்கும். எங்கள் முன் தாங்கியின் வால்வு தேய்ந்து, மூடாமல் நின்றுவிட்டது. நாங்கள் ஓட ஓட, பின்னால் இருந்த பெற்றோல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தூரம் ஓடினால் கூடப் போகும். முன் தாங்கியின் முள் செத்திருந்ததால் அது நிறைவது எங்களுக்குத் தெரியவில்லை.

"அந்தப் பக்கக் குழாயை அடைத்துவிடுகிறேன், ஒரு தாங்கியோடு ஓட்டுங்கள்" என்றார் நீனோ. நான் மாட்டேன் என்றேன். இரண்டும் சரியாக வேலை செய்ய வேண்டும் என்றேன். அந்த வாகனத்தின் பாகங்கள் இங்கே கிடைக்காது, வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். எடுப்பியுங்கள் என்றேன். ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். வந்த பிறகு ஒரு சனிக்கிழமை நானும் அவருடைய பழைய மேலங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு கீழே படுத்தேன். தாங்கியைப் பிடித்திருந்த இரும்புப் பட்டிகளின் ஆணிகள் துருவேறி அசையவே இல்லை. எண்ணெய் விட்டு விட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, ஜாக்கில் தாங்கியை ஏந்தி மெதுவாக இறக்கினோம். பம்பைப் பிடித்திருந்த வளையத்தை இரும்பால் தட்டினால் பொறி பறக்கும் என்று, மரத்துண்டு வைத்துத் தட்டித் தட்டித் திருப்பினார். அடியில் செம்மண் கரைத்ததுபோலத் துரு. அதைக் கழுவி, காயவிட்டு, புதுப் பம்பும் வால்வும் வைத்து, வெடித்துப்போயிருந்த குழாய்களை மாற்றி, பில்டரையும் மாற்றினோம். முள்ளுக்குப் போகும் வயரின் முனை பச்சை பிடித்திருந்தது, அதைச் சுரண்டினேன். கடைசியில் சுவிச்சின் மேலிருந்த ரேப்பை உரித்துத் தட்டினேன். முள் எழுந்து நின்றது. நீனோ கை தட்டினார். எனக்கு அழுகை வந்தது.

அன்றைக்கே நான் மாமாவிடம் போயிருக்க வேண்டும். உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார்: "நீர் போய் ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது. அவன் கோவத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஆள் இல்லை." நான் அவரைத் தேடிப் போனபோது அவர் தீவின் மறுபக்கம் கத்தானியாவுக்குப் போய்விட்டார் என்று ஒரேத்தோ வீட்டிலிருந்தவர்கள் சொன்னார்கள். நம்பர் தந்தார்கள். ஒரு நாள் அடித்தேன். "ஹலோ" என்று அவருடைய குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். பிறகு நத்தார்ப் பெருநாள் முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளினேன். ஒரு கிழமை தள்ளினால் அடுத்த கிழமை இன்னும் கடினமாகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நீ குடும்பமாகி வாழப்போகிறாய். உனக்கும் உன் மனைவிக்கும் நடுவில் நீ பிழை விட்டதாகத் தெரியவந்தால், அன்றைக்கே சொல்லிவிடு. நல்ல சொல் அமையட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. நான் அந்த நல்ல சொல்லைப் பதினைந்து வருடம் தேடினேன், கிடைக்கவில்லை.

நீ கேட்ட அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்த ஒரேத்தோ வீட்டில் மாமாவோடு இருந்த ஒருவரைப் பிடித்து அவருடைய இப்போதைய விலாசத்தை வாங்கினேன். போன சனிக்கிழமை காலை இரண்டு தாங்கியையும் நிரப்பிக்கொண்டு கத்தானியாவுக்குப் புறப்பட்டேன். அப்பா தானும் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். என்னா என்ற மலையூர்ப் பக்கத்து ஏற்றத்தில் வண்டி விக்கலெடுத்ததுபோல விக்கத் தொடங்கியது. ஓரமாக்கி, சுவிச்சை முன் தாங்கிக்கு மாற்றினேன். கொஞ்சம் நல்லாக ஓடிவிட்டு மறுபடியும் விக்கியது. இரண்டு தாங்கியிலும் அப்படியென்றால் பழுது தாங்கிகளில் இல்லை, இரண்டுக்கும் பொதுவான பில்டரில்தான் என்று விளங்கியது. புதுப் பில்டர் ஒன்று எப்போதும் ஆசனத்துக்குப் பின்னால் வைத்திருப்பேன். ஆனால் அந்த வீதியில் நின்று மாற்றப் பயமாக இருந்தது. மெதுமெதுவாக உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

நான் வருவதை அறிவித்திருக்கவில்லை. அவருடைய தெருவுக்குள் வண்டி இருமி இருமிப் போனபோதே அவர் மேல்மாடிப் பல்கனிக்கு வந்துவிட்டார். கீழே இறங்கி வந்தார். தலை நரைத்துவிட்டது, வயிறு வைத்திருக்கிறது. என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வண்டியைப் பார்த்தார்.

"இது இன்னும் ஓடுதோ அக்கா?"

"ஓடுது தம்பி. பில்டர் அடைச்சுப்போட்டுது."

"புதுசு வைச்சிருக்கிறீங்களோ?"

எடுத்துக் கொடுத்தேன். அவர் மேலே போய் ஸ்பனர்கள் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தத் தெருவிலேயே இருவரும் கீழே குனிந்தோம். அவர் குழாயைக் கழற்ற, நான் கீழே பாத்திரத்தைப் பிடித்தேன். அவருடைய முகம் பார்க்கத் தேவையில்லாத அந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, நாலு கான், கோயில் மனுசி, வைத்துவிட்ட போன், உனக்குச் சொன்ன பொய். அவர் பில்டரைப் பூட்டி, இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்கள் போன் எடுத்து வைச்ச அண்டைக்கே, நம்பரைப் பார்த்த உடனை எனக்குத் தெரியும் அக்கா, உண்மையைக் கண்டுபிடிச்சிட்டீங்கள் எண்டு. திருப்பி எடுப்பீங்கள் எண்டு கனநாள் பார்த்துக்கொண்டிருந்தனான்."

"மன்னிச்சுக்கொள்ளும் தம்பி" என்றேன்.

அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சத்தத்தைக் கேட்டார். இரண்டு தாங்கியிலும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது. அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தா, நல்ல பிள்ளை, மட்டக்களப்புப் பக்கம். தெருவில் நின்றபடியே குடித்தோம். மேலே வரச் சொல்லி அந்தப் பிள்ளை கேட்டா. மாமா கேட்கவில்லை. நானும் போகவில்லை. உன் கலியாணத்தைச் சொன்னேன்.

"கலியாணத்துக்கு வாறன் அக்கா. குடும்பமா வாறன்" என்றார். பிறகு குவளையைப் பார்த்துக்கொண்டு, "உங்கட வீட்டுக்கு மட்டும் வரச் சொல்லாதேங்கோ. அந்தப் படியை என்னாலை ஏற ஏலாது" என்றார்.

நான் ஓம் என்றேன். நீயும் அவரை வற்புறுத்தாதே. மண்டபத்தில் அம்மாவோடு நின்று படம் எடுங்கள் என்று கூப்பிடாதே. அவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவும் அவருடைய பெருந்தன்மை, அதற்கு மேல் கேட்க எங்களுக்கு உரிமையில்லை.

நான் ஏறி இருந்து கதவைச் சாத்தப் போனபோது, கண்ணாடிப் பக்கம் வந்து, "அவன் இப்ப என்ன உயரம் அக்கா?" என்று கேட்டார். போனில் உன் படம் இருந்தது. ஆனால் அவர் கேட்டது படத்தை அல்ல. நான் மறுபடி இறங்கி, அவருக்குப் பக்கத்தில் நின்று, என் தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினேன். இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அவர் தலையை நிமிர்த்தி, ஆள் இல்லாத அந்த உயரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகவே அழைப்பிதழைத் தபாலில் போடாதே, மகன். விலாசத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். நீயே கொண்டுபோய், அவருக்கு முன்னால் போய் நில்.

அம்மா